காற்றும் வெளிச்சமும் உரித்தும்: நியூயோர்க்கின் போர்முன் தொடர்மாடி மனை - ஒரு வரலாற்று நோக்கு

நிலம் யாருக்கு உரியது, எந்நிபந்தனையின் கீழ் உரியது, யார் அதனைத் துய்க்கத் தகாதவர் என்னும் வினாக்களுக்குச் சாசனங்களிலும் செப்பேடுகளிலும் விடைதேடுவது வரலாற்று மாணவருக்குப் பழக்கமான பணியாகும். ஆயின் நகரத்து மாடிக் கட்டடம் ஒன்றிலுள்ள இரு படுக்கையறை கொண்ட மனையையும் இதே வினாக்களுடன் அணுகலாம் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை. சுவரின் தடிப்பு, யன்னலின் இடம், முற்றத்தின் அகலம், உறுதியின் வாசகம் ஆகிய யாவும் ஒரு சமூகம் தனக்குள்ளே நடத்திய வழக்கின் தீர்ப்புகளாகும். அவற்றை வாசிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியூயோர்க் நகரின் வீட்டு விற்பனை விளம்பரங்களிலே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தொடர் உண்டு. புதுப்பிக்கப்பட்ட, போருக்கு முற்பட்ட, இரு படுக்கையறைக் கூட்டாதன மனை, வரலாற்றுச் சிறப்புடைய சுற்றாடலில், என்பதே அதன் பொருள். இங்கு போர் எனப்படுவது இரண்டாம் உலகப்போர். அதற்கு முன் எழுந்த கட்டடம் என்பது பழுதடைந்தது என்னும் பொருளையன்றி, உறுதியானது, விசாலமானது, மதிப்புமிக்கது என்னும் பொருளையே அந்நகரத்தில் தருகின்றது. பழைமை ஒரு குறையாகாது விலைக்குரிய குணமாக மாறியமை தற்செயலானதன்று. அத்தொடரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சட்டம் உண்டு. சட்டம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு போராட்டமோ ஒரு விலக்கலோ உண்டு. நகரின் குயீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜக்சன் ஹைற்ஸ் என்னும் சுற்றாடலை மையமாகக் கொண்டு இச்சொற்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. யன்னல் சட்டமான வரலாறு

மன்ஹற்றன் தீவின் வீதிகள் 1811ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி நேர்கோடுகளாக வகுக்கப்பட்டன. அவ்வீதிகளுக்கிடைப்பட்ட நிலம் பொதுவாக 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட துண்டுகளாக விற்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு ஏற்றதாயிருந்த இவ்வளவு, ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தோர் இலட்சக்கணக்கில் வந்திறங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெருந் துன்பத்துக்குக் காரணமாயிற்று. ஒடுங்கி நீண்ட அத்துண்டை ஏறத்தாழ முழுவதும் நிரப்பி, ஐந்து ஆறு மாடிகளுடன், 'ரெனமென்ற்' எனப்பட்ட பலகுடி வாடகைக் கட்டடங்கள் எழுந்தன. இருபுறமும் அடுத்த கட்டடத்தின் சுவர் ஒட்டிநின்றமையால் முன்னறையும் பின்னறையும் மட்டுமே வெளிச்சம் கண்டன. நடுவிலிருந்த அறைகள் நண்பகலிலும் இருண்டிருந்தன. காசநோய் அவ்விருளிலே பெருகியது.

1867ஆம் ஆண்டில் முதலாவது ரெனமென்ற் சட்டம் நிறைவேறியது. அதனால் விளைந்த பயன் சொற்பமே. 1879ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு படுக்கையறைக்கும் வெளிக்காற்றுப் படும் யன்னல் வேண்டுமென விதித்தது. நிலவுடைமையாளர் சட்டத்தின் சொல்லை நிறைவேற்றி அதன் கருத்தைக் கைவிட்டனர். கட்டடத்தின் இடைப்பகுதியைச் சற்று ஒடுக்கி, அடுத்த கட்டடத்துக்கும் தமக்குமிடையே சில அடி அகலமேயான காற்றுக்குழி ஒன்றை விட்டு, அதனை நோக்கி யன்னல்களை வைத்தனர். டம்பெல் வடிவம் எனப் பெயர்பெற்ற இவ்வமைப்பு அதற்கென நடத்தப்பட்ட போட்டி ஒன்றிலே பரிசுபெற்ற வரைபடத்தினின்று பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. வெளிச்சம் வரவேண்டிய குழி குப்பை வீசுமிடமாயிற்று. தீப்பிடித்த வேளையில் நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றும் புகைபோக்கியுமாயிற்று.

ஜேக்கப் ரீஸ் என்னும் பத்திரிகையாளர் 1890ஆம் ஆண்டிலே நூல்வடிவில் வெளியிட்ட படங்களும் விவரணங்களும், லோறன்ஸ் வெய்லர் 1900ஆம் ஆண்டில் ஒழுங்குசெய்த ரெனமென்ற் கண்காட்சியும் மக்கள் மனத்தை உலுக்கின. அதன் விளைவே 1901ஆம் ஆண்டுச் சட்டமாகும். அது குழிகளுக்குப் பதிலாக உண்மையான முற்றங்களைக் கோரியது; ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மலசலகூடத்தை வற்புறுத்தியது; மூலைத்துண்டு அல்லாத நிலத்தில் 70 சதவீதத்துக்கு மேற்படக் கட்டலாகாது எனக் கட்டுப்படுத்தியது.

இச்சட்டத்தின் வரைவிலக்கணம் ஊன்றி நோக்கற்பாலது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் தனித்தனியே வாழ்ந்து, தனித்தனியே சமைக்கும் எக்கட்டடமும் சட்டத்தின் கண்ணில் ரெனமென்ற்றேயாகும். செல்வர்க்கென எழுந்த மாளிகையொத்த தொடர்மாடியும் இதற்கு விலக்கன்று. எனவே, இன்று 'போர்முன்' எனப் பெருமையுடன் விலைகூறப்படும் மனையின் குளியலறைக்கும் ஒரு யன்னல் உண்டெனின், அது கட்டடக்கலைஞரின் தாராள மனத்தினால் மட்டும் வந்ததன்று. சேரியிலே இருமி மடிந்த குழந்தைகளின் பெயரால் இயற்றப்பட்ட விதிகளுக்கு அதிற் பெரும்பங்குண்டு. வறியோருக்காக வென்றெடுத்த வெளிச்சத்தை வசதிபடைத்தோரே முதலிலும் நிறைவாகவும் துய்த்தனர் என்பது இவ்வரலாற்றின் முதல் முரணாகும்.

2. மாடியிலே குடியேறிய நடுத்தர வகுப்பு

ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்வதை நியூயோர்க்கின் நடுத்தர வகுப்பினர் நீண்டகாலம் இழிவாகவே கருதினர். படிக்கட்டைப் பகிர்ந்துகொள்வது ஏழைகளின் விதி; தனிவாயில் உடையதே வீடு. நிலவிலை உயர்ந்தபோது இம்மனப்பாங்கு தளர வேண்டியதாயிற்று. பாரிசிலே பயின்ற றிச்சர்ட் மொரிஸ் ஹன்ற் வரைந்து, 1870ஆம் ஆண்டளவிலே கிழக்குப் பதினெட்டாம் வீதியில் எழுந்த ஸ்ரைவெசன்ற் கட்டடம் இவ்வகுப்பினருக்கென அமைந்த முன்னோடித் தொடர்மாடியாகக் கொள்ளப்படுகின்றது. 'பிரெஞ்சு மனை' என்று பெயர்சூட்டியமை ரெனமென்ற் என்னும் சொல்லின் களங்கத்தைக் கழுவுவதற்கேயாம். 1884இல் நிறைவுற்ற டகோற்றா மேல்வகுப்பினரையும் மாடிக்கு ஈர்த்தது.

மின்தூக்கி இம்மாற்றத்திலே பெரும்பங்கு வகித்தது. படியேறுவதே ஒரே வழியாயிருந்த காலத்தில் மேல்மாடி வறியோருக்குரியதாயிருந்தது. மின்தூக்கி வந்தபின் வாடகைப் படிநிலை தலைகீழாயிற்று. நிலக்கீழ் அறையிலே ஒரு கொதிகலன், அங்கிருந்து குழாய்வழி ஏறும் நீராவி, அறைதோறும் வார்ப்பிரும்பு வெப்பமூட்டி என்னும் ஏற்பாடும் பரவிற்று. வீட்டுக்கு வீடு அடுப்பெரித்துக் குளிர்காய்ந்த வாழ்வு ஒழிந்து, கட்டடம் முழுவதும் ஒரே கொதிகலனில் தங்கிய வாழ்வு தொடங்கியது. தனிக் குடும்பங்கள் ஒரு பொறித்தொகுதியைப் பகிரும்போது அதன் செலவை எவ்வாறு பகிர்வது, எவர் ஆள்வது என்னும் வினாவும் உடன்பிறந்தது. பின்னாளில் எழுந்த கூட்டுறவு உடைமைக்கும் கூட்டாதனத்துக்கும் வித்து இவ்விடத்திலேயே கிடந்தது எனலாம்.

3. தோட்டத்தைச் சூழ்ந்த மனை

1909ஆம் ஆண்டு மன்ஹற்றனையும் குயீன்சையும் இணைக்கும் குயீன்ஸ்பரோ பாலம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அப்பாலத்துக்கு அப்பாலிருந்தவை வயல்களும் சதுப்பும். எட்வேர்ட் மக்டூகல் தலைமையிலான குயீன்ஸ்பரோ கூட்டுத்தாபனம் அங்கே பண்ணை நிலங்களைப் பெருமளவில் வாங்கியது. 1917இல் உயர்பாதைப் புகையிரதம் றூஸ்வெல்ற் வீதியின் மேலாக அங்கு வந்தெட்டியது. வயல் நகரமாவதற்கு வேண்டிய இரண்டும், பாலமும் இருப்புப்பாதையும், இவ்வாறு கிடைத்தன.

ஜக்சன் ஹைற்ஸின் தனித்தன்மை அதன் நிலப் பயன்பாட்டிலே காணப்படுகின்றது. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவார்ட் 1898ஆம் ஆண்டில் முன்வைத்த பூங்காநகரக் கருத்து அக்காலத் திட்டமிடுவோரைக் கவர்ந்திருந்தது. மன்ஹற்றனின் 25 அடித் துண்டு என்னும் தளையினின்று விடுபட்டு, இங்கே வீதிக்கட்டம் முழுவதையும் ஒரே அலகாக நோக்க முடிந்தது. கட்டடங்களை விளிம்பிலே நிறுத்தி, நடுவிலே கட்டத்தின் நீளம் முழுதும் ஓடும் தோட்டம் ஒன்றை விட்டனர். அன்ட்ரூ ஜே. தோமஸ் என்னும் கட்டடக்கலைஞர் வரைந்து 1920ஆம் ஆண்டளவிலே நிறைவுற்ற லின்டன் கோர்ட்டும், அதனைத் தொடர்ந்து 1920களின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் எழுந்த ஷற்றோ, ரவர்ஸ் ஆகியனவும் இவ்வமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டுகளாகும். நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டாது விடுவதே நட்டமன்று, இலாபம் என்பது தோமஸின் வாதம். வெளிச்சம் நிறைந்த மனை வெறுமையாகக் கிடப்பதில்லை. ஆழங்குறைந்த கட்டடத்திலே இருண்ட நடைவழிக்கு வீணாகும் பரப்பும் குறைவு. 1901ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்ததிலும் மிகக் குறைந்த பரப்பிலேயே இக்கட்டடங்கள் நின்றன.

இக்காலத்து இரு படுக்கையறை மனை ஒன்றின் பொதுவான அமைப்பைக் காண்போம். வாயிலைத் திறந்ததும் ஓர் இடைகழி; அதனின்று ஒருபுறம் வரவேற்பறையும் உணவறையும், மறுபுறம் படுக்கையறைகளும் குளியலறையும் பிரியும். விருந்தினர் உறங்குமிடத்தைக் காணலாகாது, சமையலின் மணம் வரவேற்பறையை எட்டலாகாது என்னும் ஒழுக்கநெறி நிலத்தளப் படத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கம்பிவலை மீது கனமாகப் பூசிய சாந்துச் சுவர், ஓரத்தில் நிறமாறிய மரக்கீற்றுப் பதித்த ஓக் பலகைத் தரை, ஒன்பது அடியை ஒட்டிய உயரமுடைய கூரை, கதவையும் கூரைவிளிம்பையும் சூழ்ந்த வார்ப்பு வேலை ஆகியன வழக்கமான கூறுகள். சமையலறை சிறியது, ஒதுக்குப்புறமானது. சற்றுப் பெரிய மனைகளிலே அதனையொட்டி வேலைக்காரிக்கென ஒடுங்கிய அறையொன்றும் இருந்தது. வீட்டினுள்ளே உழைப்பின் இடம் எது, ஓய்வின் இடம் எது என்பதைச் சுவர்களே பறைசாற்றின.

இம்மனைகளை விற்றமுறையும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1922ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆந் திகதி நியூயோர்க்கின் டபிள்யூ. ஈ. ஏ. எப். வானொலி நிலையம் கட்டணம் பெற்று ஒலிபரப்பிய உரையொன்று வானொலி விளம்பரத்தின் தொடக்கமெனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அவ்வுரை விற்க முயன்ற பண்டம் ஜக்சன் ஹைற்ஸின் ஹோதோர்ன் கோர்ட் தொடர்மாடியேயாகும். நெருக்கடி மிகுந்த நகரை விட்டுத் தோட்டமும் தூய காற்றும் உள்ள இடத்துக்கு வருமாறு அது அழைத்தது.

4. அழைப்பும் விலக்கலும்

அவ்வழைப்பு எல்லோருக்கும் விடுக்கப்பட்டதன்று. முதலாம் உலகப்போரை அடுத்து வீட்டுப் பஞ்சம் முற்றியபோது, 1920ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் வாடகை உயர்வைக் கட்டுப்படுத்தும் அவசரகாலச் சட்டங்களை இயற்றியது. இச்சூழலிலே வாடகைக்கு விடுவதிலும் விற்றுவிடுவதே கட்டடம் எழுப்பியோருக்கு ஏற்றதாயிற்று. குயீன்ஸ்பரோ கூட்டுத்தாபனம் கூட்டுறவு முறையைக் கைக்கொண்டது. இம்முறையின்கீழ் வாங்குபவர் மனையை வாங்குவதில்லை; கட்டடத்துக்குரிய கம்பனியின் பங்கை வாங்குகின்றார். பங்குடன் ஒரு மனையிலே குடியிருக்கும் குத்தகையுரிமை கிடைக்கின்றது. தம்மோடு பங்காளியாகத் தக்கவர் எவர் என்பதைப் பிற பங்காளிகள் தீர்மானிக்கலாம்.

கூட்டுறவு என்னும் அழகிய சொல் இவ்விடத்திலே விலக்கலின் கருவியாகவும் தொழிற்பட்டது. ஜக்சன் ஹைற்ஸ் கட்டுப்பாடுள்ள சமூகம் என வெளிப்படையாகவே பேசப்பட்டது. யூதர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் அங்கே இடமளிக்கப்படவில்லை. யூதர் மீதான தடை இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டித் தளர்ந்தது. கறுப்பினத்தவர் மீதானது 1960கள் வரை நீடித்தது. தோட்டத்தைச் சூழ்ந்து கட்டடங்களை நிறுத்தியமை வெளிச்சத்துக்காக என்று சொன்னோம். அதே சுற்றுவேலி யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் காட்டிநின்றது.

இக்கூற்றைச் சோதித்தறிய வரலாறே ஓர் ஒப்பீட்டை வழங்கியிருக்கின்றது. அதே அன்ட்ரூ தோமஸ், ஜோன் டி. ரொக்பெல்லர் இளையவரின் முதலீட்டிலே, 1926-1928 காலப்பகுதியில் ஹார்லத்தில் டன்பார் தொடர்மாடியை அமைத்தார். கறுப்பினக் கவிஞர் போல் லோறன்ஸ் டன்பாரின் பெயரைத் தாங்கிய இக்கட்டடத்தொகுதி 511 மனைகளைக் கொண்டது. ஜக்சன் ஹைற்ஸ் போலவே வீதிக்கட்டம் ஒன்றை முழுதாகக் கொண்டு நடுவிலே தோட்டம் விட்டு எழுந்தது. கூட்டுறவு உடைமையாகவே கறுப்பினக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. டபிள்யூ. ஈ. பி. டூ போய்ஸ், போல் றொப்சன் போன்றோர் அங்கு வாழ்ந்தனர். ஒரே கலைஞர், ஒத்த திட்டம், ஒத்த உடைமைமுறை. ஆயின் ஒன்றிலே குடியேறத் தகுந்தவர் மற்றையதிலே வாயிலையும் தாண்ட முடியாதவர். மக்களைப் பிரித்தது கட்டடக்கலையன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை. டன்பாரின் கூட்டுறவும் நிலைக்கவில்லை. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் குடியிருப்பாளர் தவணை செலுத்த இயலாது தவித்தனர்; 1936ஆம் ஆண்டில் ஆதனம் ரொக்பெல்லரின் கைக்கே மீண்டது. சேமித்துக் கட்டிய உரித்தினை இழந்து அவர்கள் மீண்டும் வாடகைக் குடிகளாயினர்.

அம்மந்தம் ஜக்சன் ஹைற்ஸையும் விட்டுவைக்கவில்லை. கட்டுமானம் தளர்ந்தது, கட்டடக்கலைஞர் வேலையிழந்தனர். அங்கு வாழ்ந்த அல்பிரட் பட்ஸ் என்னும் கட்டடக்கலைஞர் வேலையற்றிருந்த அக்காலத்திலே எழுத்துக்கட்டை விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். பின்னர் 1948இல் ஸ்கிறபிள் என்னும் பெயரைப் பெற்று உலகெங்கும் பரவியது அதுவேயாகும். விசாலமான மனைகளுக்கு ஆளின்றிப் போகவே, பின்னெழுந்த கட்டடங்களிலே சிறிய மனைகள் பெருகின. வேலைக்காரியின் அறை புதிய வரைபடங்களினின்று மெல்ல மறைந்தது.

5. போருக்குப் பின்: 'முன்' என்னும் சொல்லின் பிறப்பு

போர் முடியும்வரை எக்கட்டடமும் 'போருக்கு முற்பட்டது' அன்று. பிந்தியவை வந்த பின்னரே முந்தியவை பெயர்பெறுகின்றன. 1945க்குப் பின்னர் எழுந்த தொடர்மாடிகளிலே கூரை தாழ்ந்தது, சாந்துச் சுவருக்குப் பதிலாக மெல்லிய ஜிப்சப் பலகை வந்தது, இயந்திரக் காற்றோட்டம் வந்தமையால் குளியலறை யன்னலை இழந்தது, இடைகழி சுருங்கியது. இவற்றோடு ஒப்பிட்டபோதே பழைய மனை மேன்மையுற்றது. வாடகைச் சட்டமும் இப்பிரிவுக்கோட்டை வலுப்படுத்தியது. போர்க்கால ஏற்பாடாக 1943இல் நியூயோர்க்கில் நடைமுறைக்கு வந்த வாடகைக் கட்டுப்பாடு, 1947 பெப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கே உரியதாகப் பின்னர் வரையறுக்கப்பட்டது. எனவே போர்முன் மனை என்பது கட்டடக்கலைச் சொல் மட்டுமன்று. ஒரு சட்டக் காலக்கோடுமாகும்.

இதே காலத்தில் விலக்கலின் அரண்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்ந்தன. இன அடிப்படையிலான உறுதி நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் 1948ஆம் ஆண்டிலே தீர்த்தது. தனியார் வீடுகளிலும் பாகுபாடு காட்டுவதை 1957ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநகரசபை தடைசெய்தது. 1968ஆம் ஆண்டில் கூட்டாட்சிச் சட்டம் நாடுமுழுவதற்கும் இதனை விரித்தது. இவற்றோடு 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஐரோப்பியர்க்குச் சாதகமாயிருந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை அது ஒழித்தது. வெள்ளையினக் குடும்பங்கள் பல புறநகரின் தனிவீடுகளை நாடிச் சென்ற அவ்வேளையிலே, கொலம்பியா, எக்குவடோர் முதலிய இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேசம் முதலிய தென்னாசிய நாடுகளிலிருந்தும் வந்தோர் ஜக்சன் ஹைற்ஸிலே குடியேறினர். 74ஆம் வீதி சேலைக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் பெயர்பெற்றது.

1970களில் நியூயோர்க் நகரம் நிதிநெருக்கடியாற் குலைந்தது. தென் புறொங்சிலே கட்டடங்கள் கைவிடப்பட்டன, எரிந்தன. அதே நகரிலே ஜக்சன் ஹைற்ஸ் அவ்வாறு அழியாமைக்குக் காரணங்கள் பல. எஞ்சியிருந்த பழங்குடிகளின் கூட்டுறவு உடைமை அவற்றுள் ஒன்று. வாடகை செலுத்தி, கடை திறந்து, வீதியை உயிர்ப்புடன் வைத்த புதுக்குடிகளின் உழைப்பு மற்றொன்று. எவரை உள்ளே விடலாகாதென அச்சுற்றாடல் அமைக்கப்பட்டதோ, அவரையொத்தோரே அதனைக் காத்தனர் என்பது இவ்வரலாற்றின் இரண்டாவது முரணாகும்.

6. உறுதியின் புதுவடிவம்

கூட்டாதனம் என்னும் சொல்லை இனி நோக்குவோம். இலங்கையிலே மாடிமனை உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக இக்கருத்து எமக்கும் பழக்கமானதே. ஐக்கிய அமெரிக்காவில் அது புவேட்டோ றிக்கோவின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினூடாக ஊன்றியது. 1961ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் இத்தகைய மனைகளின் ஈட்டுக்கடனுக்குக் காப்புறுதி வழங்க இடமளித்தது. நியூயோர்க் மாநிலம் 1964ஆம் ஆண்டில் தன் கூட்டாதனச் சட்டத்தை இயற்றியது.

கூட்டுறவிலே ஒருவர் பங்குடையவர். கூட்டாதனத்திலோ அவர் மனைக்கே உறுதியுடையவர். சுவர்களுக்கிடைப்பட்ட வெளி அவருக்கு முழுதாகவும், நிலம், கூரை, படிக்கட்டு, கொதிகலன் ஆகியன குறித்த விகிதத்திலே பொதுவாகவும் உரியன. மனைக்குத் தனியே வரி விதிக்கப்படும், தனியே ஈடுவைக்கலாம். கூட்டுறவின் முகாமைச் சபை விண்ணப்பதாரரைக் காரணங் கூறாமலே மறுக்கும் அதிகாரத்தை நெடுங்காலம் கொண்டிருந்தது. கூட்டாதனச் சபைக்குப் பொதுவாக இருப்பது, வேறொருவர் கொடுக்க முன்வந்த விலையைத் தானே கொடுத்து வாங்கும் முன்னுரிமை மட்டுமே. ஆகவே, அயலவரின் தயவிலே தங்கிய உடைமை பணத்தின் தகுதியிலே தங்கிய உடைமையாக மாறியது. இம்மாற்றத்தை விடுதலை என்பதா, வேறொரு தளை என்பதா என்பது சிந்தனைக்குரியது.

1980களிலே வாடகைக் கட்டடங்கள் பெருந்தொகையாகக் கூட்டுறவாகவும் கூட்டாதனமாகவும் மாற்றப்பட்டன. ஜக்சன் ஹைற்ஸிலே கூட்டுறவே பெரும்பான்மை, கூட்டாதனம் சிறுபான்மை. குடியிருந்தோரை வெளியேற்றாத மாற்றத்திட்டம் ஒன்றுக்குக் குறைந்தது 15 சதவீத மனைகளுக்காயினும் வாங்குவோர் உடன்படவேண்டுமென 1982ஆம் ஆண்டுச் சட்டம் நியூயோர்க் நகரத்துக்கு விதித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவை 51 சதவீதமாக உயர்த்தி, குடியிருப்போரே வாங்கவேண்டுமெனவும் வரையறுத்தது. வாங்க வசதியுள்ள வாடகைக் குடி உரித்தாளரானார். வசதியற்றவர் அதே கட்டடத்திலே வாடகைக் குடியாகவே எஞ்சினார்.

7. காக்கப்படுவது எது?

மன்ஹற்றனின் பென்சில்வேனியா புகையிரத நிலையம் 1963ஆம் ஆண்டிலே இடிக்கத் தொடங்கப்பட்டபோது எழுந்த கண்டனம், 1965ஆம் ஆண்டு மரபுரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வலுவூட்டியது. அவ்வாண்டிலேயே புறூக்ளின் ஹைற்ஸ் நகரின் முதலாவது வரலாற்று வட்டாரமாயிற்று. டன்பார் 1970இல் மரபுரிமைச் சின்னமாகியது. ஜக்சன் ஹைற்ஸின் மையப்பகுதி 1993ஆம் ஆண்டில் வரலாற்று வட்டாரமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அன்றுமுதல் அங்கே ஒரு யன்னற் சட்டத்தை மாற்றுவதற்கும் ஆணைக்குழுவின் இசைவு வேண்டும்.

ஆனால் இச்சட்டத்தின் கண் வெளிச்சுவரோடு நின்றுவிடுகின்றது. பொதுமக்கள் புகும் உட்புறங்கள் சிலவற்றை மட்டுமே, 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தனியே பிரகடனப்படுத்தலாம். குடியிருப்பு மனையின் உட்புறம் இதனுள் அடங்காது. எனவே புதுப்பித்தல் எனப்படுவது பெரும்பாலும் வெளித்தோற்றத்தை மாற்றாது உள்ளமைப்பை மாற்றுவதாகும். அதிற் பெரும்பகுதி அவசியமானதே. துணியுறை சுற்றிய பழைய மின்கம்பி தீக்கு வழிகோலும். துருவேறிய நாகமுலாம் குழாய் நீரைத் தடுக்கும். 1960இல் நியூயோர்க் நகரம் வீடுகளிலே தடைசெய்த ஈயப்பூச்சு பழஞ்சுவர்களிலே படையாகக் கிடந்து, உதிரும்போது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். இவற்றை அகற்றுவோரை மரபின் பகைவர் எனல் பேதைமை.

ஆயினும் அவற்றோடு வேறு சிலவும் அகற்றப்படுகின்றன. சமையலறைக்கும் உணவறைக்கும் இடைப்பட்ட சுவர் வீழ்கின்றது. சமைப்பவர் மறைந்து நிற்கவேண்டும் என்றிருந்த சமூக ஒழுங்கின் சான்று அதனோடு வீழ்கின்றது. வேலைக்காரியின் அறை இரண்டாவது குளியலறையாகின்றது. அங்கு உறங்கிய பெண்ணுக்கு இருந்த ஒரேயொரு நினைவுச்சின்னமும் போய்விடுகின்றது. அடுத்து வந்த குடியேறிகள் ஒரு பெரிய அறையை மறைத்து இரண்டாக்கி, இரு தலைமுறைகளைக் குடியமர்த்திய தடுப்புப் பலகையோ பழைமை எனக் கருதப்படுவதேயில்லை. அது முதலிலேயே பிடுங்கி எறியப்படுகின்றது. 1924ஆம் ஆண்டின் வார்ப்பு வேலை அரிதின் முயன்று மீட்கப்பட, 1974ஆம் ஆண்டின் வாழ்வு குப்பையாகின்றது. எந்தக் காலத்தை வரலாறு என்கின்றோம், எதனைச் சிதைவு என்கின்றோம் என்பதைத் தீர்மானிப்பவர் அடுத்து வாங்கப்போகின்றவரே.

இன்று அம்மனையின் வாயிலில் இனத்தின் பெயரால் எவரையும் தடுக்கச் சட்டம் இடந்தராது. ஆயின் விலை அதே பணியைச் சத்தமின்றிச் செய்யவல்லது. வீழ்ச்சியுறவிருந்த சுற்றாடலை வாடகைக் குடிகளாயிருந்து காத்தோர், அது வரலாற்றுச் சிறப்புடையது எனப் பெயர்பெற்ற பின் அதனை வாங்க இயலாதோராய் நிற்கின்றனர். மரபுரிமைச் சட்டம் செங்கல்லைக் காக்கின்றது, தோட்டத்தைக் காக்கின்றது. குடியிருப்போரைக் காப்பது அதன் பணியன்று. அப்பணிக்கு வாடகைச் சட்டமும் வீடமைப்புக் கொள்கையுமே உரியன. இவ்விரண்டையும் பிரித்தே நோக்கிப் பழகியமையால், கட்டடங்களின் வரலாற்றை அங்கு வாழ்ந்தோரின் வரலாற்றினின்றும் பிரித்தே எழுதிவருகின்றோம்.

இவ்வாறு நோக்குமிடத்து, விளம்பரத்தின் அந்த ஒரு தொடரிலே நூற்றாண்டுக்கு மேற்பட்ட சமூக வரலாறு அடங்கியிருத்தல் புலனாகும். அறையிலே விழும் வெளிச்சம் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தினது. முற்றத்துத் தோட்டம் 1920களின் வணிகத் துணிவினது. அமைதி அக்காலத்து விலக்கலினது. கட்டடம் நிலைத்திருத்தல் 1965க்குப் பின் வந்தோரது. உறுதி 1964ஆம் ஆண்டுச் சட்டத்தினது. வாங்குபவர் இவை அனைத்துக்கும் ஒரே விலை கொடுக்கின்றார். ஆனால் இவற்றை ஈட்டித் தந்தோருள் அவ்விலையிலே பங்கு பெற்றவர் மிகச் சிலரே. வரலாற்று மாணவர் எந்நகரத்தின் எப்பழங்கட்டடத்தின் முன் நின்றாலும், இதைக் கட்டியவர் யார், எப்போது என்னும் வினாக்களோடு அமையலாகாது. இதன் வெளிச்சம் யாரால் வென்றெடுக்கப்பட்டது, இதனுள்ளே புகாது தடுக்கப்பட்டவர் யார், வீழவிருந்தபோது தாங்கியவர் யார் என்னும் வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவற்றுக்கு விடைதரும் சான்றுகள் சுவருக்குள்ளே இருக்கும்போதே அவற்றைப் பதிவுசெய்தல் நம் துறையின் கடனாகும்.